குடைக்குப் பின்னால் விழுந்த கோல்

ஒளிபரப்பு உரிமை என்பதைக் கண்டுபிடித்தது எந்த நாட்டுக்காரர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று எல்லை குறித்து, மூலைக்கு மூலை கல் நட்டு, சாட்சிக் கையெழுத்தும் வாங்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். கோவில்பட்டி நாலெல்லை அண்ணாச்சி. இதை மறுக்க நினைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வரவும். அது அவர் கையெழுத்தில்தான் இருக்கும்.

அண்ணாச்சி பத்திரம் எழுதுபவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவர். தோளில் மஞ்சள் பை, கையில் கறுப்புக் குடை. எங்கள் கரிசல் பக்கம் மழைக்குக் குடை பிடித்தவர்கள் குறைவு. அவர் வெயிலுக்குப் பிடித்தார். அந்தக் குடையில் ஒரு கிழிசல் இருந்தது. அதை அவர் மனைவி செல்லத்தாய் மதினி வெள்ளை நூலால் பெருக்கல் குறி போல இழுத்துத் தைத்திருந்தார். கறுப்பு நூல் வாங்கக் கடைக்குப் போக வேண்டும், வெள்ளை நூல் வீட்டிலேயே இருந்தது என்பது மதினி சொன்ன காரணம்.

நான்கு எல்லை சொல்லாமல் அண்ணாச்சியால் எதையுமே சொல்ல முடியாது. பல்வலி என்று டாக்டரிடம் போனவர், வலிக்கும் பல்லைக் காட்டச் சொன்னதற்கு, கிழக்கே கடைவாய்ப்பல், மேற்கே ஏற்கெனவே பிடுங்கிய காலியிடம், வடக்கே மேலண்ணம், தெற்கே நாக்கு, இதற்குட்பட்டது என்று விவரம் கொடுத்திருக்கிறார். டாக்டர் சரியான பல்லைத்தான் பிடுங்கினார். தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு எல்லை எழுதியவரும் அவரே. ஊரே கேலி செய்தது. ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஒருவர்கூட வழி தவறவில்லை, பக்கத்து மண்டபத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் சிலரும் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை. பத்திரத்தில் பிழை வந்துவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுத வேண்டியிருக்கும். எல்லோருக்கும் எப்போதாவது அது வரும். முப்பது வருடத்தில் அண்ணாச்சி அப்படி ஒன்று எழுதியதே இல்லை. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. பார்க்கிற எல்லோரிடமும் சொல்வார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. தற்காலிகம் என்றால் நிரந்தரமானவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய எல்லாம் நம் தலையில் விழும். அப்படி விழுந்ததுதான் கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டி.

எங்கள் ஊர் ஹாக்கி ஊர். மட்டையில்லாமல் விளையாடுவதை நாங்கள் ஒரு விளையாட்டாகவே மதிப்பதில்லை. கால்பந்துப் போட்டிக்கு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், விரல் மிச்சமும் இருக்கும். ஆடுகள் வரும், அவையும் புல் இல்லை என்று தெரிந்ததும் போய்விடும். கோல் வலை கிழிந்து, பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை. புது வலைக்கு வழியில்லாமல் கல்லூரி முதல்வர் போட்டியையே நிறுத்திவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேபிள் கதிரேசன் வந்தார். ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே உள்ள வீடுகளுக்கெல்லாம் அவர் கேபிள், கிழக்கே வேறொருவர். பெரிய நாடுகளில் கல்லூரிப் பையன்கள் பந்து விளையாடுவதைக் காட்டக்கூட டிவிக்காரர்கள் போட்டி போட்டு உரிமை வாங்குகிறார்கள் என்று கதிரேசன் எங்கேயோ படித்துவிட்டார். வாங்கினால் நாமும் வாங்க வேண்டியதுதானே என்று தோன்றியிருக்கிறது. புது வலை, புதுப் பந்துகள், ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் கடலை மிட்டாய், எல்லாம் அவர் பொறுப்பு. பதிலுக்கு நேரடி ஒளிபரப்பு அவருக்கு மட்டும். கிழக்குக்காரர் பின்னால் வந்து உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் எழுத்தில் வேண்டும் என்றார். எழுத்தில் என்றால் எங்கள் ஊரில் வேறு யாரிடம் போவது?

அண்ணாச்சி மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நிலம் தெரியும், வீடு தெரியும், கிணற்றில் கால் பங்கு தெரியும். ஒளிபரப்பை அவர் எழுதியதில்லை. கடைசியில், எதுவாக இருந்தாலும் பூமிக்கு மேலேதானே நடக்கிறது என்ற முடிவுக்கு வந்து, சங்கிலி போட்டு மைதானத்தை அளந்து, நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்டுவிட்டார். கொடி நட வேண்டிய இடத்தில் கல். கார்னர் அடிக்க வந்த பையன்கள் எத்தனை பேர் கட்டைவிரலைப் பெயர்த்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

பத்திரத்தை நான் சாட்சியாக உட்கார்ந்து கேட்டேன். வடக்கே ஆழ்குழாய்க் கிணறு, தெற்கே விடுதி வேலி, கிழக்கே முள்ளுக்காடு, மேற்கே சைக்கிள் கொட்டகை, இதற்குட்பட்டு நான்கு கற்களுக்கு நடுவே அமைந்த பூமியில் ஓடும் பந்து, பந்தை ஓட்டுபவர், ஓட்டாமல் நிற்பவர், விசில், விசிலின் ஓசை, புழுதி உள்பட சகலத்தையும் கதிரேசன் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் காட்டி அனுபவித்துக்கொள்ளலாம். எல்லைக்கு வெளியே நடக்கும் எதிலும் அவருக்கு யாதொரு பாத்தியதையும் கிடையாது. மீறிக் காட்டினால் உரிமை ரத்து. இதை நேரில் இருந்து மேற்பார்வை செய்யும் பொறுப்பு எழுதியவரைச் சேரும். கேட்கக் கேட்க எனக்கும் முதல்வருக்கும் புல்லரித்தது. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டோம்.

முதல் ஆட்டத்தன்று ஒரு டிராக்டர் டிரெய்லரை மைதானத்தின் நடுக்கோட்டருகே நிறுத்தி, அதன் மேல் கேமரா. எதிர்த்த கட்டடத்தில் இருந்த கதிரேசன் அறைக்கு ஒயர் போயிற்று. கேமராவுக்கு ஒரு பக்கம் நாற்காலியில் மைக்கோடு நான், வர்ணனை. இன்னொரு பக்கம் நாற்காலியில் மடியில் பத்திரத்தோடு அண்ணாச்சி, மேற்பார்வை. ஐந்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டியது. அண்ணாச்சி குடையை விரித்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தார்.

பந்து உள்ளே வந்ததும் மடக்கினார். வெளியே போனதும் விரித்தார், எல்லைக்கு வெளியே நடப்பதை வாயால் சொல்லவும் கூடாது என்று எனக்கும் சைகை காட்டினார். சரி, வெளியே போன பந்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். இருபதாவது நிமிடத்தில் எங்கள் பையன் ஒருவன் அடித்த பந்து கோலுக்குள் போனது. குடை விரிந்தது. கதிரேசன் அறையை விட்டுச் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, கோலு விழுந்திருக்கு. குடைய எடுங்க.”

“பந்து எங்கன கெடக்கு?”

“வலைக்குள்ள.”

“வலை எங்கன இருக்கு? ரெண்டு கல்லுக்கும் நேர்கோடு பிடிச்சுப் பாரும். கோட்டுக்கு அந்தப் பக்கம்.”

“கோலுன்னாலே அந்தப் பக்கந்தான அண்ணாச்சி.”

“அப்ப அத நீரு வாங்கல.”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கோட்டைத் தாண்டினால்தான் கோல். தாண்டிய எதையும் காட்டக் கூடாது. ஆட்டத்தில் எதற்காக எல்லோரும் ஓடுகிறார்களோ அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கதிரேசன் வாங்கியிருக்கிறார். திருத்தி எழுதலாமே என்று கதிரேசன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிழை இருந்தால்தானே திருத்துவதற்கு என்று அண்ணாச்சி கேட்டுவிட்டார். குடையைப் பிடுங்கி எறியலாம். ஆனால் கதிரேசன் குடியிருந்த வீடு, கேபிள் அறை இருந்த கட்டடம், கல்லூரி நிலம், எல்லாமே அண்ணாச்சி எழுதிய பத்திரம். இதில் பிழை இருக்கிறது என்றால் அதில் எத்தனை இருக்கிறதோ? யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

குடை விரிந்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்குக் கறுப்புத் துணியையே எவ்வளவு நேரம் காட்டுவது? அந்த இடைவெளியில் கதிரேசன் கடலை மிட்டாய் விளம்பரத்தை ஓட்டினார். அடுத்த வாரம் ஜவுளிக்கடை, அதற்கடுத்த வாரம் பாத்திரக்கடை. அதோடு அவர் குடையைப் பற்றிக் குறை சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டார். ஒருநாள் எங்கள் அணிக் கேப்டனைத் தனியாக அழைத்துப்போய், பந்தைக் கொஞ்சம் அடிக்கடி வெளியே அடித்தால் என்ன என்று கேட்டதை நானே பார்த்தேன்.

ஆட்ட நேரத்திலும் கைவைத்தார். ஞாயிறு மாலை அரசுத் தொலைக்காட்சியில் படம் போடுவார்கள், அது தொடங்கிவிட்டால் கால்பந்தை நாய்கூடப் பார்க்காது. அதனால் நாலரை மணி ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு மாறியது. எங்கள் ஊர் இரண்டு மணி வெயிலில் நடுவர் தலையில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு விசிலடித்தார்.

விசித்திரம் என்னவென்றால், ஊர் பார்க்கத் தொடங்கிவிட்டது. மைதானத்தில் அல்ல, வீட்டில். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் பெண்கள் பந்து ஓடும்போது கையை நிறுத்திவிட்டு, குடை வந்ததும் வேகவேகமாக ஒட்டினார்கள். குடை வந்து, விளம்பரம் தொடங்குவதற்குள் மைதானத்தில் சத்தமும் கேட்டால் கோல், சத்தமில்லாவிட்டால் வெறும் அவுட் என்று ஊரே கணக்குப் படித்துக்கொண்டது. தெருவில் நடந்துபோகும்போது நாலைந்து வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் “குடை விழுந்துட்டு” என்று குரல் வரும். கடலை வண்டிக்காரர் மைதானத்தை விட்டுவிட்டு டிவி இருக்கும் தெருக்களுக்கு வந்துவிட்டார். தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்தவர்கள் மேற்கே உறவினர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள், வழியில் மைதானத்தைக் கடந்துதான் வந்தார்கள், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அண்ணாச்சி வீட்டில் டிவி கிடையாது. செல்லத்தாய் மதினி எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் போய்ப் பார்ப்பார். முதல் வாரமே வெள்ளைப் பெருக்கல் குறியை வைத்து அது யார் வீட்டுக் குடை என்று கண்டுபிடித்துவிட்டார். மதினிக்குப் பிறந்த ஊர் புதூர். எங்கள் அணியில் பதினோராம் நம்பர் போட்டு ஆடிய கருப்பசாமியும் புதூர். நெருஞ்சி முள் தரையில் ஆட்டுக்குப் பின்னால் ஓடி வளர்ந்த கால், கரிசல் வெடிப்பில் எந்தப் பக்கம் பந்து துள்ளும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். எங்கள் கோல்களில் முக்கால்வாசி அவன் அடித்தது. தன் ஊர்ப் பையன் ஓடுவதை மதினி பார்த்தார், உதைக்கக் காலைத் தூக்குவதைப் பார்த்தார், பிறகு தன் கையால் தைத்த தையலைப் பார்த்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் இதுதான்.

கருப்பசாமி அடித்தே நாங்கள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரணி தூத்துக்குடிக் கல்லூரி. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் வாடகை கொடுக்கக் கீழே போனவன் மாட்டிக்கொண்டேன். அண்ணாச்சி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மதினி சோற்றைப் போடாமல் கரண்டியோடு நின்றார்.

“நாளைக்குப் புதூர்லருந்து எங்க அண்ணன் வீட்டாளுக, கருப்பசாமி அம்மா, எல்லாரும் பஸ் ஏறி வாராக. டீச்சர் வீட்ல உக்காந்து பாக்கப் போறாக. அவுகளுக்கு உங்க குடையவா காட்டுவேன்?”

அத்தனை தூரம் வருகிறவர்கள் நேராக மைதானத்துக்கே போகலாமே என்று நான் குறுக்கே சொல்லி வைத்தேன். அங்கே போனால் முகம் சின்னதாகத் தெரியும் என்று மதினி என்னை ஒரே வரியில் உட்காரவைத்துவிட்டார். எழுதினது எழுதினதுதான் என்றார் அண்ணாச்சி. எல்லை என்று ஒன்றை வைத்துவிட்டுப் பொண்டாட்டிக்காக ஒரு நாள் தளர்த்தினால், ஊரில் எந்த வேலி நிற்கும் என்றார். மதினி சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டார், குழம்பை ஊற்றினார், பிறகு மெதுவாகச் சொன்னார்.

“முப்பது வருசத்துல உங்க பத்திரத்த நான் ஒருநாளும் குத்தம் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லுதேன். அதுல பிழை இருக்கு.”

அண்ணாச்சி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கோர்ட்டில் வக்கீல்கள் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், பதிவாளர்கள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி. மைதானத்தில் வழக்கம் போல ஆள் இல்லை, ஊர் முழுக்க டிவி முன்னால். அண்ணாச்சி வந்தார், உட்கார்ந்தார், பந்து வெளியே போனது, குடையை விரித்தார். என் நம்பிக்கை போய்விட்டது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது தூத்துக்குடிப் பையன் ஒருவன் கோலுக்கு முன்னால் கருப்பசாமியின் காலை வாரிவிட்டான். நடுவர் பெனால்டி கொடுத்தார்.

கருப்பசாமி பந்தைப் புள்ளியில் வைத்தான். நடுவர் விசிலை வாயில் வைத்தார். அண்ணாச்சி எழுந்தார்.

குடையை மடக்கி என் மடியில் வைத்தார். டிரெய்லரை விட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார். கேமராக்காரருக்கு வேறு வேலை இல்லை, கேமரா அவர் கூடவே போயிற்று. நேராக வடகிழக்கு மூலைக்குப் போய், குனிந்து எல்லைக்கல்லைப் பிடித்து அசைத்தார். நாலு வாரம் கரிசலில் காய்ந்து இறுகிய கல். மண்டி போட்டு இழுத்தார், உட்கார்ந்து இழுத்தார். வந்துவிட்டது. எல்லைக்கல்லைத் தொட்டவன் உருப்பட மாட்டான் என்று முப்பது வருடம் ஊருக்குச் சாபம் கொடுத்த மனிதர், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோலுக்குப் பின்னால், வலைக்கும் பின்னால் கொண்டுபோய் நட்டார். பிறகு அடுத்த மூலைக்கு நடந்தார். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவருக்கும் ஊரில் சொந்த வீடு உண்டு. தூத்துக்குடிக் கோல்கீப்பர் மட்டும் என்ன நடக்கிறது என்று எங்கள் பையன்களைக் கேட்டான். எங்கள் பையன்கள் அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

இரண்டாவது கல்லையும் நட்டு, கண்ணைச் சுருக்கி நேர்கோடு பார்த்து, அரையடி நகர்த்தி, காலால் மண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டு அண்ணாச்சி திரும்பி வந்தார். சட்டை முழுக்கக் கரிசல். மூச்சு இரைத்தது. உட்கார்ந்து, நடுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கருப்பசாமி அடித்தான். கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தான், பந்து மறுபக்கம் போய்ப் புது வலையைத் தூக்கியது. குடை என் மடியில் இருந்தது. நான் மைக்கில் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அதைவிடப் பெரிய சத்தம் ஊரிலிருந்து வந்தது. தண்டவாளத்துக்கு மேற்கே அத்தனை வீட்டிலிருந்தும் ஒன்றாக. அத்தனை வாரமும் டிவியில் கால்பந்து பார்த்த எங்கள் ஊர், முதல் முறையாக ஒரு கோலைப் பார்த்தது.

மறுநாள் காலை அண்ணாச்சி தன் வாழ்க்கையின் முதல் பிழைதிருத்தல் பத்திரத்தை எழுதினார். முன் பத்திரத்தில் கைப்பிசகாய் விடுபட்டுப்போன கோல், கோல் வலை, வலைக்குள் விழும் பந்து, விழுந்த பின் ஏற்படும் சந்தோஷம் ஆகியவற்றையும் சேர்த்து வாசித்துக்கொள்ள வேண்டியது. கடைசியில், பத்திரம் எழுதுபவர்கள் யாரும் எழுதாத ஒரு வரி: பிழையைச் சுட்டிக்காட்டியவர், செல்லத்தாய். அதற்குக் கீழே மதினியிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பக்கவாட்டுக் கோட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருடப் போட்டியிலும் அவுட்டுக்குக் குடை தொடர்ந்தது, கதிரேசனுக்கும் அதில் வருத்தமில்லை.

கையெழுத்துப் போட்ட மதினியிடம், கடைசியில் ஊர்ப் பையன் அடித்த கோலைக் கண்ணாரப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“கோல எங்க பாத்தேன்? அந்த மனுசன் ரெண்டாவது கல்லத் தூக்கையில மூச்சு வாங்கிச்சு பாத்தியளா. வந்து உக்காந்துட்டாகளா, உக்காந்துட்டாகளான்னு அவுக நடந்து மறைஞ்ச டிவி ஓரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். எல்லாரும் கத்துனாக. நானும் கத்துனேன்.”

அண்ணாச்சி இதைக் கேட்காதவர் போலப் பத்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

இப்போது நான் வேறு ஊரில், உலகத்து ஆட்டத்தையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். கோலை ஆறு பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள். பந்து கோட்டைத் தாண்டும்போது மட்டும், வெள்ளை நூலில் தையல் போட்ட ஒரு கறுப்புக் குடை வந்து மறைக்காதா என்று ஒரு நொடி காத்திருக்கிறேன்.